வானம் வெளுக்கிறது, முகம் கறுக்கிறது: பாடியை மாற்றவா, பிராக்கெட் எடுக்கவா, ஃபில்டர் வாங்கவா, ஃப்ளாஷ் அடிக்கவா?

கடலூர், புதுச்சேரிக் கரையில் கேமரா பிடிப்பவருக்குத் தீராத தொல்லை ஒன்று உண்டு. சூரியன் கடலிலிருந்து எழுகிறது; எடுக்க வேண்டிய ஆளும் படகும் நமக்கும் சூரியனுக்கும் நடுவில் நிற்கின்றன. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் வலை இழுப்பவர் முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெள்ளைத்தாளாகிறது. வானத்தைக் காப்பாற்றினால் ஆள் கரிக்கட்டை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஊர்ப்பக்கம் நின்று காந்தி சிலையைக் காலையில் எடுத்தாலும் இதேதான். நடுப்பகலில் தொல்லை வேறு வடிவில் வரும்: ஒயிட் டவுனில் வெயில் அடிக்கும் மஞ்சள் சுவர், அதன் மேல் காகிதப்பூ நிழல், நிழலுக்குள் ஒரு முகம். திருவந்திபுரத்தில் கல்யாணம் என்றால் பட்டுவேட்டிச் சரிகை வெயிலில் பளிச்சிடும், மணமக்கள் பின்னால் இருட்டு மண்டபம் இருக்கும்.

இப்படி இரண்டு பக்கமும் இடிபடுகிறவர்கள் முதலில் கேட்பது, “சென்சாரின் டைனமிக் ரேஞ்ச் பத்தவில்லை, பாடியை மாற்றட்டுமா?” என்பதுதான். டைனமிக் ரேஞ்ச் என்றால், ஒரே படத்தில் மிக வெளிச்சமான இடத்திலிருந்து மிக இருட்டான இடம் வரை விவரத்தோடு பதிவாகும் அகலம்; பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா. மாற்றலாம். ஆனால் அது ஐந்து வழிகளில் ஒன்று, அதிலும் விலை கூடியது. பல நேரம் கையில் இருக்கும் கேமராவின் ரேஞ்சிலேயே இரண்டு மூன்று ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) எக்ஸ்போஷரிலும் ஜேபெக்கிலும் அழுக்கு லென்ஸிலும் தொலைத்துவிட்டுத்தான் இந்தக் கேள்விக்கு வருகிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குடம் என்று வையுங்கள். குடம் நிரம்பி வழியும் அளவு மேல் எல்லை. குடம் காலியாக இருக்கும்போதும் மின்சுற்றிலிருந்து வரும் இரைச்சல் கீழ் எல்லை. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, அது எத்தனை முறை இரட்டிப்பாகிறது என்று எண்ணினால் அதுதான் ஸ்டாப் கணக்கு. 60,000 எலக்ட்ரான் கொள்ளும் பிக்சலில் 4 எலக்ட்ரான் இரைச்சல் என்றால் விகிதம் 15,000. அதாவது 14 ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு.

இரண்டு எல்லையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. குடம் வழிந்த பிறகு ஊற்றியதெல்லாம் வீண்: வெளுத்த இடத்தில் விவரம் என்று எதுவுமே பதிவாகாது, எந்த மென்பொருளும் அதைக் கொண்டுவராது. இருட்டுப் பக்கமோ மெல்ல மெல்லப் புள்ளி தட்டி மங்கும்; எந்த இடத்தில் “போதும், இதற்குமேல் அசிங்கம்” என்று நிறுத்துவது நம் கண்ணைப் பொறுத்தது. விளம்பரத்தில் 14 என்று போட்டிருந்தாலும் முகம் தெரியும்படி, சேலை மடிப்பு தெரியும்படி பயன்படுவது 10 அல்லது 11 ஸ்டாப்தான் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

ஆகவே முதல் அளவுகோல், எடுக்கப்போகும் காட்சிக்கு எத்தனை ஸ்டாப் வேண்டும் என்பது. இதை ஊகிக்க வேண்டாம். கேமராவை அபெர்ச்சர் பிரயாரிட்டியில் வைத்து, ஐஎஸ்ஓவையும் அபெர்ச்சரையும் மாற்றாமல், ஃப்ரேமின் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள்: விவரம் வேண்டிய மிகப் பிரகாசமான இடம், விவரம் வேண்டிய மிக இருட்டான இடம். புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவில் வண்ணக் கண்ணாடி 1/2000 காட்டி, பெஞ்சுக்கு அடியில் 1/2 விநாடி காட்டினால் இடைவெளி 10 ஸ்டாப். ஒவ்வொரு முறை பாதியாக்கி எண்ணினால் வந்துவிடும். சூரிய வட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வெளுக்கத்தான் செய்யும், வெளுத்தால் தப்பில்லை.

8 ஸ்டாப் வரை வேறு எந்த வழியும் தேவையில்லை, ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை ஜேபெக்காகச் சுருக்காமல் அப்படியே சேமிப்பது) போதும். 9 முதல் 11 வரை கவனம் வேண்டும். அதற்குமேல் போனால் இன்னொரு ஃப்ரேமோ இன்னொரு விளக்கோ இல்லாமல் நடக்காது.

இரண்டாவது, காட்சி அசைகிறதா. மூன்றாவது, கடற்கரையில் எவ்வளவு சாமான் தூக்க முடியும். மணலும் உப்புக்காற்றும் எதையெல்லாம் பாழாக்கும். நான்காவது, பிறகு கம்ப்யூட்டர் முன் உட்காரும் நேரம். ஐந்தாவது, படம் கடைசியில் எங்கே போகிறது. இதைப் பலர் நினைப்பதே இல்லை. பளபளப்புத் தாளில் அச்சான ஆல்பம் ஏறக்குறைய 7 ஸ்டாப்தான் காட்டும், மேட் தாள் அதைவிடக் குறைவு. 14 ஸ்டாப்பைப் பிடித்தாலும் அதை 7-க்குள் மடித்து அடுக்கும் வேலை நம் தலையில்தான்.

இன்னொன்று, எல்லா வழிக்கும் பொதுவானது: லென்ஸ். பிரகாசமான வானத்தின் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு லென்ஸுக்குள் சிதறி நிழலில் விழுந்தாலே, வானத்துக்குப் பத்து ஸ்டாப் கீழே எல்லாம் சாம்பல் திரை. அதற்குப் பிறகு சென்சார் 12 ஆனால் என்ன, 15 ஆனால் என்ன. கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே முன்கண்ணாடியில் உப்பு படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தூள் கோட்டிங்கைக் கீறும். முதலில் பிளோவரால் ஊதி, பிறகு டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுக்க வேண்டும். சூரியனைப் பார்த்து எடுக்கும்போது மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கரைக்குக் கொண்டுபோனால் பனி பூத்து மொத்தப் படமும் மூட்டமாகும். அரை மணி முன்பே பையோடு வெளியில் வைத்து, சூடேறிய பிறகு பையைத் திறக்க வேண்டும்.

## இருக்கிற பாடி, ஒரே ரா ஃபைல்

செலவே இல்லாத வழி, அதிகம் பேர் சரியாகச் செய்யாத வழி.

கேமராவின் முதுகில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடம்) ரா ஃபைலுடையது அல்ல, ஜேபெக் முன்னோட்டத்துடையது. கான்ட்ராஸ்ட் கூடிய பிக்சர் ஸ்டைலில் இருந்தால், ரா ஃபைலில் இன்னும் இடம் இருக்கும்போதே அது வெளுத்துவிட்டதாகக் காட்டும். பயந்து ஒரு ஸ்டாப் குறைப்போம், அந்த ஒரு ஸ்டாப் நிழலிலிருந்து போகும். ஸ்டைலை நியூட்ரலுக்கு மாற்றி, கான்ட்ராஸ்டைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவிட்டால் முன்னோட்டம் உண்மைக்கு அருகில் வரும். ஃபைல் 14 பிட்டில், இழப்பில்லாத சுருக்கத்தில் இருக்கட்டும். ஐஎஸ்ஓ அடிமட்டத்தில், பெரும்பாலான பாடிகளில் 100. ஐஎஸ்ஓவை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் மேல் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் போகிறது.

மீட்டர் காட்டும் நடுச்சாம்பலுக்கு (மீட்டர் சரி என்று எடுத்துக்கொள்ளும் நடுத்தர வெளிச்சத்துக்கு) மேலே ரா ஃபைலில் சுமார் 3 ஸ்டாப் இடம் உண்டு. உங்கள் பாடியில் சரியாக எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெயிலில் காயும் வெள்ளை வேட்டியை ஸ்பாட் மீட்டரில் அளந்து, +2-இலிருந்து +4 வரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக ஏற்றி ஏழு படம் எடுங்கள். மென்பொருளில் எந்தப் படத்தில் நெசவு மறைகிறதோ அதற்கு முந்தையது உங்கள் எல்லை. பிறகு களத்தில் வேலை எளிது: மேக ஓரமோ சரிகையோ, காப்பாற்ற வேண்டிய பிரகாசத்தை அளந்து அந்த எண்ணை, சுமார் +2⅔, வைத்து அடித்துவிடலாம். டி810 முதல் பல நிக்கான் பாடிகளில் ஹைலைட்டை மட்டும் கவனிக்கும் மீட்டரிங் உண்டு. அவசரத்துக்கு அதுவும் உதவும்.

ஒயிட் டவுனில் ஒரு பொறி இருக்கிறது. வெயில் பட்ட மஞ்சள் சுவரில் சிவப்புச் சேனல்தான் முதலில் நிரம்பும். மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு வழிந்திருக்கும். அப்புறம் ஹைலைட்டை இறக்கினால் சுவர் எலுமிச்சை நிறத்துக்கு வெளிறும். அரக்குப் பட்டிலும் இதே சிக்கல், அங்கே மடிப்பே மறைந்து தட்டையாகும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

இனி நிழலைத் தூக்குவது. இன்றைய சென்சாரில் 3 ஸ்டாப் தாராளமாகத் தூக்கலாம். 5 தூக்கினால் முகத்தில் மணல் தூவினாற்போல் வரும், அது சென்சாரின் குற்றமும் அல்ல. மேலே சொன்ன 60,000 எலக்ட்ரான் பிக்சலில் நடுச்சாம்பல் 7,600 எலக்ட்ரான். ஒளியின் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், 87. ஐந்து ஸ்டாப் கீழே இருக்கும் முகத்துக்குக் கிடைப்பது 240 எலக்ட்ரான்கூட இல்லை. ஏற்ற இறக்கம் 15. அதாவது பதினைந்தில் ஒரு பங்கு தடுமாற்றம். இரைச்சலே இல்லாத தெய்வீக சென்சார் வந்தாலும் இந்தத் தடுமாற்றம் போகாது. நிழலுக்கு நிஜமாக வெளிச்சம் வந்தால்தான் போகும். கீழே வரும் வழிகளில் மூன்று அந்த வேலையைத்தான் செய்கின்றன.

மறைந்த செலவு ஹார்டு டிஸ்க். 24 மெகாபிக்சல் ரா ஒன்று 25 முதல் 30 எம்பி. கல்யாணத்தில் 3,000 படம் அடித்தால் 75 ஜிபியைத் தாண்டும், பேக்கப் சேர்த்து அதற்கு இருமடங்கு. கேமராவில் இருக்கும் ஆக்டிவ் டி-லைட்டிங், ஹைலைட் டோன் பிரயாரிட்டி, ஃபூஜியின் டிஆர்400 போன்றவை ஹைலைட்டைக் காக்க எக்ஸ்போஷரைத் தாங்களாகவே குறைப்பவை. ஜேபெக் கொடுக்கிறவருக்கு நல்லது; ரா எடுக்கிறவர் அணைத்துவிட்டுக் கையால் செய்வதே மேல்.

அசைவு இருக்கும் எல்லா இடத்துக்கும் இதுதான் வழி. மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலில் இறங்கும்போது கூட்டமும் அலையும் குடையும் ஒருசேர அசைகின்றன. அங்கே டிரைபாட் விரித்தால் கால் மிதிபடும். பிச்சாவரம் அலையாத்திக் கால்வாய்க்குள் படகு ஆடிக்கொண்டே போகும், மேலே வானத் துண்டு பளிச்சென்று இருக்கும், இரண்டு பக்கமும் வேர்கள் இருட்டில். அங்கும் ஒரே ஃப்ரேம்தான்.

## பிராக்கெட் எடுத்து ஒட்டுவது

ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் சில படம் எடுப்பதுதான் பிராக்கெட்; பிறகு அவற்றை ஒரே படமாக ஒட்டுகிறோம். அசையாத காட்சிக்கு இதை மிஞ்சிய வழி இல்லை. ±2 ஸ்டாப்பில் மூன்று படம் எடுத்தால் சென்சாரின் ரேஞ்சோடு 4 ஸ்டாப் கூடுகிறது. எந்தப் புதுப் பாடியும் இவ்வளவு கூட்டித் தராது. ஜன்னலுக்கு வெளியே வெயிலும் உள்ளே இருட்டும் இருந்தால் 2 ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம், 8 ஸ்டாப் கூடுதல். வீட்டு மனை, ஹோட்டல் அறை, ஹெரிடேஜ் விடுதி எடுக்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை.

அபெர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் பூட்டி, ஷட்டர் மட்டும் மாற வேண்டும். அபெர்ச்சர் மாறினால் ஃபோகஸ் ஆழம் மாறி ஓரங்கள் ஒட்டாது. ஃபோகஸ் மேனுவல், வைட் பேலன்ஸ் நிலையான ஒன்று. டிரைபாடில் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 விநாடி டைமரோடு தொடர் ஷாட்டில் வைத்தால் மூன்றும் ஒரே மூச்சில் விழும். எடுத்ததும் இரண்டு சோதனை: மிக இருட்டான ஃப்ரேமில் எங்கும் வெளுப்பு எச்சரிக்கை மின்னக் கூடாது; மிக வெளிச்சமான ஃப்ரேமில் ஹிஸ்டோகிராம் இடது சுவரை விட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

ஆரம்ப நிலைப் பாடிகளில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. நிக்கான் டி3400, டி3500 இரண்டிலும் ஆட்டோ பிராக்கெட்டிங் கிடையாது. டி5600-இல் உண்டு, கேனான் 1500டி-யிலும் உண்டு. இல்லாதவர்கள் ஷட்டர் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும், திருப்பும்போது கேமரா நகரும்.

ஈர மணலில் டிரைபாட் ஒவ்வோர் அலைக்கும் ஒரு மயிரிழை அமிழும். மூன்று ஃப்ரேமும் மூன்று இடத்தைப் பார்க்கும். கால்களை மணலில் நன்றாக அழுத்தி ஊன்றி, இரண்டு அலை போகும்வரை பொறுத்துவிட்டு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பூட்டு இறுகிவிடும். அலை, தென்னங்கீற்று, கொடி எல்லாம் இரண்டு மூன்றாகத் தெரியும் பேய்த்தோற்றம் இந்த வழியின் பெரிய நோய். லைட்ரூமில் டீகோஸ்ட் போட்டால் பாதி சரியாகும். மீதிக்கு, அலை இருக்கும் பகுதியை மட்டும் ஒரே ஃப்ரேமிலிருந்து மாஸ்க் போட்டு எடுப்பதுதான் சுத்தம். காசு கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு டார்க்டேபிளிலேயே ரா ஃபைல்களை ஒட்டும் வசதி உண்டு.

ஒரே ராவை மூன்று விதமாக வெளுத்தும் கறுத்தும் மூன்று ஜேபெக் எடுத்து, அதை “எச்டிஆர்” என்று ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் புதிதாக ஒரு எலக்ட்ரான்கூடச் சேரவில்லை. நேரம்தான் போகிறது.

செலவு நேரம்தான்: ஒட்டி, பார்த்து, திருத்த. இருபது அறை எடுத்தால் நூறு ஃபைல். ஸ்லைடரை இழுக்கும் ஆசையும் ஒரு செலவுதான். நிழல் முழுவதையும் வெளிச்சமாக்கினால் மண்டபம் கேலண்டர் படமாகிவிடும். கோயில் மண்டபத்தில் இருட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருக்கட்டும். தேவாலயத்துக்குள்ளும் கோயிலுக்குள்ளும் டிரைபாட் விரிக்குமுன் அனுமதி கேட்க வேண்டியதையும் கணக்கில் சேருங்கள். அனுமதி இல்லையென்றால் இந்த வழி அங்கே இல்லை.

## பாதி கறுத்த கண்ணாடி: கிராஜுவேட்டட் என்டி

என்டி என்பது நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்க லென்ஸுக்கு முன்னால் வைக்கும் ஃபில்டர். இதில் மேல் பாதி கறுப்பு, கீழ் பாதி தெளிவு. 0.6 என்றால் 2 ஸ்டாப், 0.9 என்றால் 3 ஸ்டாப். கோடு கூர்மையாக மாறுவது ஹார்டு, மெல்ல மாறுவது சாஃப்ட். அடிவானத்தில் மிகக் கறுப்பாகவும் மேலே போகப்போகத் தெளிவாகவும் இருப்பது ரிவர்ஸ்.

“லைட்ரூமில் இதே கிரேடியன்ட் இருக்கிறதே, எதற்குக் கண்ணாடி?” என்ற கேள்வி நியாயமானதுதான். வித்தியாசம் ஒன்றே: கண்ணாடி வானத்தை மறைப்பதால் தரைக்கு அதிக நேரம் வெளிச்சம் கொடுக்க முடிகிறது. 3 ஸ்டாப் கண்ணாடியில் மணலுக்கும் படகுக்கும் 8 மடங்கு ஒளி விழும், நிழலின் சுத்தம் 2.8 மடங்கு கூடும். அதுவும் ஒரே ஃப்ரேமில், அலை பேயாகாமல். நீண்ட எக்ஸ்போஷரில் அலையைப் பட்டாக இழுக்கிறவர்களுக்கு இது பிராக்கெட்டைவிடச் சுலபம்.

ஆனால் அடிவானம் நேர்க்கோடாக இருக்க வேண்டும். சில்வர் பீச்சிலிருந்து வெறும் கடலைப் பார்த்தால் கண்ணாடி அற்புதம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1836-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் ஃப்ரேமில் வந்தால் அதன் தலை கறுத்துப்போகும். கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் படகுகளின் கொம்புகள் எல்லாம் வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே கண்ணாடி வேலைக்கே ஆகாது. கிழக்கு பார்த்த சூரிய உதயத்துக்கு ரிவர்ஸ்தான் சரி, சாஃப்ட் வாங்கினால் அடிவானத்தில் போதுமான கறுப்பு இருக்காது.

எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கும்போது கறுப்புக்கோடு கூர்மையாகத் தெரியும். எஃப் 4-இல் பார்த்து வைத்துவிட்டு எஃப் 16-இல் அடித்தால் அலைக்கு நடுவே பட்டை விழும். லைவ் வியூவில் டெப்த் பிரிவியூ பட்டனை அழுத்திக்கொண்டே ஏற்றி இறக்குங்கள்.

மறைந்த செலவு இங்கேதான் கனம். 100 மி.மீ. ஹோல்டர், ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு ரிங், இரண்டு கண்ணாடியாவது வேண்டும். மலிவு ரெசினில் ஊதா நிறச் சாயல் ஏறும், கீறலும் விழும். சூரியனைப் பார்த்துப் பிடிக்கும்போது கூடுதலாக இரண்டு பரப்பில் எதிரொளி, மேலே சொன்ன சாம்பல் திரை இன்னும் தடிக்கும். உப்பு படிந்தால் லென்ஸையும் துடைக்க வேண்டும், கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் துடைக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது கடல் உதயம் எடுப்பவருக்குத் தகும். மற்றவர்கள் வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள்.

## ஃப்ளாஷும் தெர்மாகோலும்

முகம்தான் பிரச்சினை என்றால் மற்ற எதைப் பற்றியும் யோசிக்காமல் இங்கே வாருங்கள். கறுப்பு முகத்தைத் தூக்குவதைவிட முகத்துக்கு வெளிச்சம் போடுவது எப்போதும் நல்லது.

வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 11 என்பது ஏறத்தாழ சரியான எக்ஸ்போஷர். ஷட்டரை இதற்குமேல் ஏற்ற முடியாது. பெரும்பாலான பாடிகளில் சிங்க் வேகம் (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் மிக வேகமான ஷட்டர்) 1/200 அல்லது 1/250-தான். விளம்பரத்தில் கைடு நம்பர் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 60 என்று இருக்கும் ஃப்ளாஷ், 200 மி.மீ. ஜூமில் அளந்தது. 35 மி.மீ.க்கு விரித்தால் சுமார் 36. அதை எஃப் 11-ஆல் வகுத்தால் 3.3 மீட்டர். முழுப் பலத்தில் அவ்வளவு தூரம்தான் எட்டும். ஃபில்லுக்கு ஒரு ஸ்டாப் குறைத்தே அடிப்போம் என்பதால் மணமக்கள் இருவருக்குப் போதும். சம்பந்தி வீட்டார் இருபது பேர் வரிசையாக நின்றால் எட்டாது. சாஃப்ட்பாக்ஸ் மாட்டினால் இன்னும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் போகும்.

பின்னணி மங்கலாக எஃப் 4-இல் எடுக்க ஆசைப்பட்டால் ஷட்டர் 1/1600-க்குப் போகும், சிங்க் வேகத்தைத் தாண்டியும் ஃப்ளாஷ் அடிக்க உதவும் ஹைஸ்பீட் சிங்க் வேண்டும், ஃப்ளாஷ் பலத்தில் 2 ஸ்டாப்போ அதற்கு மேலோ அதில் கரையும். 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டி 1/200-இலேயே எஃப் 4 வைத்தால் அந்த நஷ்டம் இல்லை. முழுப் பலத்தில் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தால் ஃப்ளாஷ் சூடேறி நிற்கும், பேட்டரியும் இறங்கும். சித்திரை வெயிலில் நெற்றி வியர்வையில் ஒளி தெறித்து வெள்ளைப் பொட்டாகும். கையில் ஒரு டிஷ்யூ இருக்கட்டும்.

ஃப்ளாஷ் இல்லாதவர்களுக்கு 4×2 அடி தெர்மாகோல் போதும். தங்கநிற ரிஃப்ளெக்டர் நம் நிறத்தை மஞ்சள் குளித்ததாக்கிவிடும், வெள்ளையே நல்லது. கடற்காற்றில் இரண்டும் பறக்கும். பிடிக்க ஒரு ஆள் தேவை, அவர் சாப்பாட்டுச் செலவும் உண்டு. ஒயிட் டவுனில் காலையில் ரிஃப்ளெக்டரே வேண்டாம்: வெயில் படும் வெள்ளைச் சுவருக்கு எதிரே, நிழலில் ஆளை நிறுத்திச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் சுவர் என்றால் முகமும் மஞ்சளாகும், அதனால் வெள்ளைச் சுவராகப் பாருங்கள். புதுச்சேரி கிட்டத்தட்ட 12 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 20-ஐயும் ஆகஸ்ட் 20-ஐயும் ஒட்டிய நாட்களில் நடுப்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல். கண்குழி கறுக்கும். அந்த நேரத்தில் தரையிலிருந்து எழும்பும் வெளிச்சமே கதி. வெள்ளைத் துணியை முன்னால் விரியுங்கள்.

| வழி | கிடைக்கும் கூடுதல் | அசைவு | எங்கே தோற்கும் |
|---|---|---|---|
| ஒரே ரா, சரியான எக்ஸ்போஷர் | தொலைத்த 1–3 ஸ்டாப் திரும்பும் | தாங்கும் | 11 ஸ்டாப்பைத் தாண்டிய காட்சி |
| பிராக்கெட் | 4 முதல் 8 ஸ்டாப் | தாங்காது | கூட்டம், படகு, காற்று, டிரைபாட் தடை |
| கிராஜுவேட்டட் என்டி | 2–3 ஸ்டாப், வானத்துக்கு மட்டும் | தாங்கும் | அடிவானத்தைக் கிழிக்கும் எதுவும் |
| ஃப்ளாஷ், தெர்மாகோல் | முகத்துக்கு 1–3 ஸ்டாப் | தாங்கும் | 3 மீட்டருக்கு அப்பால் |
| புதுப் பாடி | 0 முதல் 3 ஸ்டாப் | தாங்கும் | ஐஎஸ்ஓ 1600-க்கு மேல், அழுக்கு லென்ஸில் |

செல்போன் இந்த அட்டவணையில் இல்லாததற்குக் காரணம், அது பிராக்கெட்டின் தம்பி. குறைந்த எக்ஸ்போஷரில் பல ஃப்ரேம் சட்டென எடுத்து அடுக்குகிறது. 4 ஃப்ரேமைச் சராசரி எடுத்தால் நிழல் இரைச்சல் பாதியாகும், 16 எடுத்தால் கால்பங்கு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அது கேமராவைத் தோற்கடிக்கும், 12×18 ஆல்பம் பக்கத்தில் தோற்கும்.

## பாடியை மாற்றுவது

சென்சார்களைச் சோதித்து மதிப்பெண் தரும் டிஎக்ஸ்ஓமார்க் தளத்தின் அளவீட்டில் 2012-இல் வந்த கேனான் 5டி மார்க் 3-க்கு 11.7 ஸ்டாப், அதே ஆண்டின் நிக்கான் டி800-க்கு 14.4. கேனானில் 70டி-க்கு 11.6, 2016-இல் வந்த 80டி-க்கு 13.2. அனலாக்கை டிஜிட்டலாக்கும் சுற்று சென்சாரின் மேலேயே ஏறியதுதான் இந்தத் தாவலுக்குக் காரணம். நிக்கான் டி7200 என்ற கிராப் பாடி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) 2015-லேயே 14.6, டி850 14.8, சோனி ஏ7 மார்க் 3 14.7. வரிசையைப் பார்த்தாலே தெரியும்: அடிமட்ட ஐஎஸ்ஓவில் ஓட்டம் பத்தாண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. இந்த எண்கள் 8 மெகாபிக்சலுக்குச் சுருக்கிக் கணக்கிட்டவை, அதனால்தான் 14 பிட் ஃபைலில் 14-க்கு மேல் வருகிறது. வேறு தளங்கள் கடுமையான வரம்பு வைத்து அளந்து இதைவிட 2, 3 குறைவாகத் தரும். இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள்.

ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால்? பரப்பு 864 சதுர மி.மீ., 1.5 கிராப்பில் 367. விகிதம் 2.35, அதாவது 1.2 ஸ்டாப். கேனான் கிராப்பிலிருந்து என்றால் 1.4 வரை. ஒரே தலைமுறைக்குள் இவ்வளவுதான், இதற்குப் பாடியோடு லென்ஸ்களையும் மாற்ற வேண்டும்.

புதியது எல்லாம் கூடுதல் அல்ல. கண்ணிமைக்கும் வேகத்தில் வாசிக்கும் சென்சார்கள் அடிமட்ட ரேஞ்சில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. குளோபல் ஷட்டர் (எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் பதிவது) கொண்ட சோனி ஏ9 மார்க் 3-க்கு அடிமட்டமே ஐஎஸ்ஓ 250. நிக்கான் இசட்6 மார்க் 3 நிழலில் தன் முந்தைய தலைமுறைக்குச் சற்றுக் குறைவு. கேனான் ஆர்5-இல் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் ஃபைல் 12 பிட்டாகிறது. ஓடும் ஆளை எடுப்பவருக்கு இது நல்ல பேரம், சூரிய உதயம் எடுப்பவருக்கு அல்ல.

கோயில் உள்ளும் இரவுத் திருவிழாவும்தான் உங்கள் வேலை என்றால், ஐஎஸ்ஓ 3200-இல் 5டி மார்க் 3-க்கும் டி800-க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். அங்கே எஃப் 1.8 லென்ஸ் செய்வதைப் பாடி செய்யாது.

ஆகவே மாற்ற வேண்டியவர் ஒருவர்தான்: 2016-க்கு முந்தைய கேனான் சென்சார் வைத்திருப்பவர், ஐஎஸ்ஓ 100–400-க்குள் அசையும் காட்சிகளை வெயிலில் எடுப்பவர். அவருக்குப் பழைய டி7200-உம் பெரிய தாவல். செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது சொந்தக் கார்டோடு கடைக்குப் போங்கள். ஐஎஸ்ஓ 100-இல், ரா ஃபைலில், மீட்டர் சொல்வதைவிட 5 ஸ்டாப் குறைத்துக் கடையின் இருண்ட மூலையை ஒரு படம். எஃப் 16-இல் ஃபோகஸ் கலைத்து வெள்ளைத் தாளை ஒரு படம். வீட்டில் முதலாவதை 5 ஸ்டாப் தூக்கிப் பாருங்கள்: சீரான மணல்போல் புள்ளி இருந்தால் சரி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு ஓடினால் வேண்டாம். இரண்டாவதில் வட்ட வட்டமாகக் கறை இருந்தால் தூசி. துடைத்தும் போகாமல் நூல்போல் கிளைத்திருந்தால் அது பூஞ்சை, கரையோரக் கேமராவின் பரம்பரை வியாதி. அன்று மாலையே அதே இரண்டு படத்தை உங்கள் பழைய பாடியிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.